கவிழ்த்துப் பார்த்து வாங்கிய கதிரைகள்

2023 ஓகஸ்டில் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடி வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்டினோம். அன்றிரவு வெறுந்தரையில் பாய் விரித்து இருந்துகொண்டு நானும் கணவரும் மிச்சக் காசை எண்ணினோம். ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய். அதற்குள் கட்டில், மெத்தை, சாப்பாட்டு மேசை, கதிரைகள், உடுப்பு அலுமாரி, யன்னல் சீலை எல்லாம் வரவேண்டும். அடுத்த நாள் காலி வீதியில் ஒரு தளபாடக் கடைக்குப் போய் மேசையும் ஆறு கதிரையும் என்ன விலை என்று கேட்டேன். கையில் இருந்த முழுக் காசும் அந்த ஒன்றுக்கே சரியாகப் போயிருக்கும்.

விலை அப்படி ஏறியதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டுவிட்டது. ஒட்டுப்பலகை, வார்னிஷ், கீல், கைப்பிடி என்று கப்பலில் வருகிற ஒவ்வொன்றும் ஏறியது. ஏறியது பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. அதே நெருக்கடியால்தான் எங்கள் ஒழுங்கையிலேயே நல்ல மரச் சாமான்கள் கைக்கெட்டும் விலையில் வரத் தொடங்கின. கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் குடும்பத்தோடு புறப்பட்டவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஒழுங்கை வட்சப் குழுவில் கிழமைக்கு ஒரு அறிவித்தலாவது வரும்: ‘வெளிநாடு செல்வதால் வீட்டுத் தளபாடங்கள் விற்பனைக்கு.’ கூடவே பத்துப் படங்கள்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

“ஆரோ படுத்த கட்டில்ல, ஆரோ இருந்து சாப்பிட்ட மேசையில எங்கட பிள்ளை ஏன் இருக்கவேணும்? பாயில படுப்பம். ஒவ்வொண்டா புதுசு வாங்குவம்.”

அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வந்தபோது அவருடைய சீதன அலுமாரி அங்கேயே நின்றது. முதிரை மரம், இரண்டு கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரி மட்டுமல்ல, யன்னல் நிலைகூட இல்லை. மற்றவர் வீட்டுச் சாமான் என்று சொன்னாலே அவருக்கு அந்த வெறும் வீடுதான் நினைவுக்கு வரும். அதனால் நான் வாக்குவாதம் செய்யவில்லை. முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மருதானைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் பழைய தளபாடங்களைத் திருத்தி விற்கிற கடை இருக்கிறது என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே எதுவும் வாங்கும் எண்ணம் இல்லாமல், விலை நிலவரம் அறியப் போனேன். கடைக்கார நானாவுக்கு எழுபது வயதிருக்கும். நான் ஒரு கதிரையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்திருக்கிறார்.

“மேலால தடவ வாணாம் மகள். கவுத்திப் பாருங்க. பொலிஷ் எல்லாம் மேலாலதான் ஈக்கும். அடியில ஆரும் பொலிஷ் பூச மாட்டாங்க.”

அன்றைக்கு அவர் எனக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தார். வாங்காமல் போகப்போகிறேன் என்று தெரிந்தும் எடுத்தார். அதற்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். இந்த வீட்டில் நல்லதாக நிற்கிற ஒவ்வொரு சாமானும் அந்த ஒரு மணித்தியாலத்தால் வந்தது.

அவர் காட்டியது இது. கதிரையையோ மேசையையோ கவிழ்த்தால் மரத்தின் உண்மையான நிறம் தெரியும். பலா புதிதில் மஞ்சள், வருடம் போகப்போகச் செம்பழுப்பாகும். தேக்கு கையில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையாக இருக்கும், சுரண்டினால் தோல் பதனிட்டதுபோல ஒரு வாசம் வரும். முதிரை தூக்கும்போதே தெரியும், அவ்வளவு பாரம். அடுத்தது, மேசைப் பலகையின் விளிம்பு. மேலே ஓடுகிற மரவரி விளிம்பில் திரும்பி, வெட்டுமுகத்தில் சிறு துளைகளாகத் தெரிந்தால் அது முழு மரம். விளிம்பில் வேறு வரி ஓடினால், அல்லது ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், மேலே ஒட்டிய தோல்தான் மரம், உள்ளே என்னவும் இருக்கலாம். மூன்றாவது, மூட்டு. ஒரு கட்டையில் துளை செதுக்கி மற்றக் கட்டையின் நாக்கை அதற்குள் இறக்கியிருந்தால் அந்தக் கதிரை ஆடினாலும் பயமில்லை, கழற்றிப் பசை வைத்து இறுக்கினால் இன்னும் இருபது வருடம் நிற்கும். ஆணியாலும் இரும்புத் தகட்டாலும் பிடித்திருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை உடைந்தது. லாச்சியை முழுதாக வெளியே இழுத்து அதன் மூலையைப் பாருங்கள்: இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் பலகைகள் பூட்டியிருந்தால், செய்தவர் வேலை தெரிந்தவர்.

கீறல், தண்ணீர் வட்டம், நிறம் மங்கல் இவற்றைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம் என்றார். அவைதான் விலையைக் குறைக்கும், அவற்றைத்தான் வீட்டில் வைத்தே சரி செய்யலாம்.

முதலில் வந்தது சாப்பாட்டு மேசை. இரண்டு ஒழுங்கை தள்ளி, கனடாவுக்குப் புறப்படுகிற ஒரு அக்காவின் வீடு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குக் கீழே குனிந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்: பலா, முழு மரம், நான்கு கால்களிலும் ஒழுங்கான மூட்டு. மொறட்டுவையில் அவருடைய தகப்பன் சொல்லிச் செய்வித்ததாம். மேலே மட்டும் சூடான சட்டி வைத்த வட்டங்களும் பிள்ளைகள் பேனையால் அழுத்தி எழுதிய அடையாளங்களும். ஒரு இடத்தில் ஏழாம் வாய்ப்பாடு அப்படியே மரத்தில் பதிந்து கிடந்தது. இருபத்தைந்தாயிரம் சொன்னார். நான் விலை பேசத் தொடங்கவில்லை. அந்த அக்கா பேசிக்கொண்டே துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க எண்டைக்குப் பிள்ளை ஃபிளைட்?”

“வாற மாசம் பன்னிரண்டு அன்ரி. அதுவரைக்கும் பிள்ளைகள் எங்க வைச்சுச் சாப்பிடுறது எண்டுதான் யோசினை.”

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வெளிநாடு போகிறவர்களுக்குக் காசை விடப் பெரிய பிரச்சினை, மேசையும் கட்டிலும் கடைசி இரவு வரை தேவை என்பது. முன்கூட்டியே விற்றால் தரையில் இருக்கவேண்டும், விற்காமல் விட்டால் கடைசி நாளில் யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இன்றைக்கே முழுக் காசும் தருகிறோம், பன்னிரண்டாம் திகதி காலையில் வந்து ஏற்றுகிறோம் என்றேன். அவராகவே இருபத்திரண்டு போதும் என்றார். அதன் பிறகு வாங்கிய எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மறுத்தார்கள். அடித்துப் பேசி ஆயிரம் ரூபாய் குறைப்பதைவிட, அவர்களுடைய நாளுக்கு நாங்கள் ஒத்துப்போவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அத்தோடு கடைசி நாளில் போகிறபோது, பெட்டிக்குள் அடங்காத எத்தனையோ சாமான் அங்கே நிற்கும். யன்னல் சீலைக் கம்பிகள், உடுப்பு மாட்டிகள், ஒரு குத்துவிளக்கு, ரம்பைச் செடி நட்ட பால்மாப் பேணி எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் வந்தன. கேட்டு வாங்கவில்லை, எடுத்துப்போங்கோ என்று தந்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சொன்னார்: “எங்கட அலுமாரியையும் ஆரும் இப்பிடித் துடைச்சு வைச்சிருந்தால் எனக்குச் சந்தோசந்தான்.” பிறகு புதுச் சாமான் பேச்சு எழவில்லை. மேசை வந்த அன்று மஞ்சள் தண்ணீர் தெளித்து, நான்கு கால்களிலும் சந்தனம் வைத்தார்.

நானா சொன்னதை நானே மீறியது ஒருமுறைதான், அதற்குப் பதினோராயிரத்து ஐந்நூறு போனது. இணையத்தில் படம் பார்த்து, வேலை முடிந்து இரவு ஏழரைக்குப் போய், மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு புத்தக அலுமாரி வாங்கினேன். வெள்ளைப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. கவிழ்த்துப் பார்க்கப் பாரமாக இருந்தது, விற்றவரும் அவசரப்படுத்தினார். ஒன்பதாயிரத்து ஐந்நூறு விலை, ஏற்றுக்கூலி இரண்டாயிரம். இரண்டு கிழமை கழித்துக் கூட்டும்போது அலுமாரியின் காலடியில் கோதுமை மாபோல மெல்லிய தூள். துடைத்தேன். மூன்றாம் நாள் திரும்பவும் தூள். பின்பலகையைக் கழற்றினால் குண்டூசித் தலை அளவு துளைகள் வரிசையாக, உள்ளே மரம் உளுத்து விரலால் அழுத்தத் தாண்டது. புதுப் பெயின்ட் எல்லாத் துளைகளையும் மூடியிருந்தது. மற்ற மரங்களுக்குப் பரவிவிடும் என்ற பயத்தில் அன்றே கீழே இறக்கிவிட்டோம்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்ப்பேன். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய சாமானை எவ்வளவு மலிவென்றாலும் தொடுவதில்லை. பொலிஷ் மங்கிய, அழுக்கேறிய மரம் எனக்கு அதைவிட மேல். சாவியால் கால்களின் அடியையும் பின்பலகையின் கீழ் விளிம்பையும் மெதுவாகக் குத்திப் பார்ப்பேன், நல்ல மரத்தில் சாவி இறங்காது. விரல் மடக்கித் தட்டினால் உளுத்த இடம் வெறும் பெட்டிபோல ஒலிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே உள்ளே எடுக்காமல், பல்கனியில் ஒரு கறுத்தத் துணியை விரித்து அதன்மேல் பத்து நாள் விடுவேன். பூச்சி உயிரோடு இருந்தால் தூள் விழும். சிறிய அளவில் என்றால், பொலிஷ் சுரண்டிய வெறும் மரத்தில் வெண்காரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசலாம், மரத்துக்குள் ஊறி நிற்கும். மண்ணெண்ணெய் மேலோடு நிற்பது, ஆழத்தில் இருக்கிற புழுவை எட்டாது. கறையான் மண் கோடு தெரிந்தால் எதுவும் செய்ய வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கள்.

அலுமாரி வந்த கதையும் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டில் இருந்து தேக்கு அலுமாரி, இருபத்துநாலாயிரம். அறையை அளந்துகொண்டு போயிருந்தேன்: உயரம் சரி, அகலம் சரி. சின்னப் பட்டா லொறியில் ஏற்றி வந்து இறக்கி, முதல் மாடி வளைவில் ஏற்றும்போது சிக்கியது. மாடிப்படி திரும்புகிற இடத்தை நான் அளக்கவில்லை. மின்தூக்கிக்குள்ளும் போகாது. மழை தூறத் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் படியில் ஏற முடியாமல் நின்றார்கள். லொறியோடு வந்த வயதான சிங்கள மரவேலை பாஸ் ஒருவர் அலுமாரியின் உச்சியைத் தடவிவிட்டு, இரண்டு இடத்தில் மரச்சுத்தியலால் கீழிருந்து தட்டினார். மேல் முடி அப்படியே கழன்று வந்தது. பிறகு கதவுகள், பக்கங்கள், அடிப்பலகை. ஒரு திருகாணிகூட இல்லை, எல்லாம் மர ஆப்பு. இருபது நிமிடத்தில் அது ஒன்பது பலகையாகிவிட்டது. மேலே கொண்டுபோய் அரை மணித்தியாலத்தில் பூட்டினார். பழைய காலத்துப் பெரிய அலுமாரிகள் பலவற்றை இப்படிக் கழற்றிப் பூட்டலாம், மாட்டுவண்டியில் கொண்டுபோகச் செய்தவை என்று அவர் சொன்னார். பலகைகளின் உட்புறத்தில் உளியால் கீறிய இலக்கங்கள் இருந்தன. மேல் எது, கீழ் எது என்று செய்தவர் போட்டது. அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இனி அளக்கும்போது படி வளைவு, மின்தூக்கிக் கதவு, வாசல் நிலை மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அறை கடைசியில்.

மெலமைன் பூசிய தூள்பலகைச் சாமான்களை இரண்டாம் கையில் வாங்கவே வேண்டாம் என்பேன். கழற்றித் திரும்பப் பூட்டினால் திருகாணித் துளை பிடிக்காது. கொழும்பு ஈரத்தில் விளிம்பு பாண்போல ஊதும். இரும்பு அலுமாரியும் கடற்கரைப் பக்கத்து வீட்டுக்கு ஒத்துவராது. மரைன் டிரைவ் காற்றில் உப்பு வருகிறது. எங்கள் யன்னல் கொண்டிகளே ஒரு வருடத்தில் துரு பிடித்துவிட்டன. கீல், திருகாணி மாற்றுவதென்றால் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள்.

மெத்தை புதிது, முப்பத்தாறாயிரம். எங்கள் செலவில் அதுதான் பெரியது, அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. மெத்தை, தலையணை, பஞ்சடைத்த சோபா மூன்றும் பாவித்தது வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒன்று வந்தால் முழு வீட்டையும் காலி செய்யவேண்டி வரும். மரக் கட்டிலிலும் அது இருக்கும், மூட்டுக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். பதினையாயிரத்துக்கு வாங்கிய கட்டிலை அம்மா கழற்றச் செய்து, ஒவ்வொரு பொருத்துக்குள்ளும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டார். அதற்குப் பிறகுதான் மெத்தை கட்டிலுக்கு ஏறியது.

கதிரைகள் நான்கும் பிரம்பு பின்னியவை. சட்டம் தேக்கு, பின்னல் கிழிந்து தொங்கியது. ஒன்று இரண்டாயிரத்து ஐந்நூறு என்று நான்கையும் எடுத்தோம். பிரம்பு பின்னக் கூலி ஒரு கதிரைக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்றார்கள். இரண்டுக்கு மட்டும் பின்னுவித்தோம். மற்ற இரண்டுக்கும் பலகை வைத்து மெத்தை தைத்துப் போட்டேன். வாங்குகிற விலை முழு விலையல்ல. ஏற்றுக்கூலி, திருத்தக் கூலி இரண்டையும் சேர்த்த பிறகு மலிவாகத் தெரிந்தால்தான் அது மலிவு.

பொலிஷ் வேலையைச் சனி, ஞாயிறுகளில் நாங்களே செய்தோம். முதலில் மறைவான ஒரு இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேற்பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ், முழுதாகச் சுரண்டத் தேவையில்லை, புதிதாக அதன்மேலேயே ஏற்றலாம். அலுமாரிக்கு அப்படிச் செய்தோம். சாப்பாட்டு மேசைக்கு அரக்கு சரிவராது, சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அதை 120 இலக்க சாண்ட் பேப்பரால் மரவரி ஓடுகிற பக்கமாகவே தேய்த்து, பிறகு 220ஆல் மழமழப்பாக்கி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசினோம். தேங்காய் எண்ணெய் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது காயாது, தூசி ஒட்டும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்குள் போடவேண்டாம். காயும்போது அது சூடாகும், சுருளுக்குள் சூடு தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிட்டுத்தான் எறியவேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டை மட்டும் தேய்க்காமல் விட்டோம். மகன் வேண்டாம் என்றான்.

கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த மாதங்களில் மரம் ஊறிப் பருக்கும், லாச்சி இறுகும். சீவத் தோன்றும், சீவிவிட்டால் பெப்ரவரியில் ஆடும். மெழுகுதிரியை ஓரத்தில் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

எங்கள் பகுதியில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இடிக்கிற ஒப்பந்தக்காரர்கள் கதவு, நிலை, கலிகட் ஓடு எல்லாவற்றையும் அந்த வளவிலேயே விற்பார்கள். பம்பலப்பிட்டியில் அப்படி ஒரு வளவில், நிலைக்கு மேலே காற்றுக்காகப் பொருத்துகிற பூவேலைப் பலகை ஒன்று மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தது. நான்கு அடி நீளம், கொடியும் இலையுமாகச் செதுக்கியது, மேலே ஆறேழு அடுக்குப் பெயின்ட். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர வைத்துத் தேய்த்தால் தூள் மூச்சோடு போகும். மகனை அம்மாவோடு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரமாகவே சுரண்டினோம். மூன்று ஞாயிறு எடுத்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் அலுமாரிக்கு மேலே சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறோம். பின்னால் ஒரு சிறு மின்குமிழ். இரவில் அந்தக் கொடியின் நிழல் கூரை முழுக்க விழும்.

அதே வளவில் ஒரு பித்தளைத் தொங்குவிளக்கும் எடுத்தேன், ஆயிரத்து எண்ணூறு. பழைய விளக்கில் பித்தளை மட்டும்தான் உங்களுடையது, வயர் முழுக்க மாற்றவேண்டும். இதில் இருந்த ரப்பர் உறை தொட உதிர்ந்தது. பிளக், முள் உருளையான பழைய 5 அம்பியர் வகை. மின்வேலைக்காரரைக் கொண்டு நிலத்தொடுப்போடு மூன்று கம்பி வயர் போட்டு, சதுர முள் பிளக்கில் 3 அம்பியர் உருகி வைத்தோம். ஆயிரத்து இருநூறு செலவு. உலோக விளக்கை நிலத்தொடுப்பு இல்லாமல் ஒரு நாளும் பாவிக்காதீர்கள்.

பல வீடுகளில் இருந்து வந்த சாமான் பல வீட்டுச் சாமானாகவே நிற்கும் என்ற பயம் எனக்கு இருந்தது. அதைச் சேர்த்துவைத்தது சேலைகள். அம்மாவின் பெட்டியில் கட்டாமல் கிடந்த ஐந்து நூல் சேலைகள், எல்லாம் மண்நிறம், மஞ்சள், மங்கிய சிவப்பு. ஒரு சேலை ஐந்தரை மீற்றர். நடுவில் வெட்டினால் ஒன்பது அடியில் இரண்டு துண்டு. எங்கள் கூரை உயரத்துக்கு அப்படியே சரி. கம்பியை யன்னல் நிலையில் அல்லாமல் கூரையை ஒட்டி வைத்து, சீலையைத் தரை தொட விட்டால் சின்ன அறையும் உயர்ந்து தெரியும். வீட்டுக்கார அம்மா இதற்கு மட்டும் நான்கு துளை போட அனுமதித்தார். மூன்று சேலை யன்னல்களுக்கு, ஒன்று கதிரை மெத்தைகளுக்கு, ஒன்று கட்டில் விரிப்புக்கு. தையற்கூலி இரண்டாயிரத்து நானூறு. மேசையிலும் கட்டிலிலும் யன்னலிலும் அந்த நிறங்களே திரும்பத் திரும்ப வருவதால் பலாவும் தேக்கும் ஒன்றோடொன்று இசைந்துவிட்டன. வெள்ளை டியூப் வெளிச்சத்தை அணைத்துவிட்டு 2700 கே இலக்கமிட்ட மஞ்சள் எல்.ஈ.டி. குமிழ்களைப் போட்டது மிச்ச வேலையை முடித்தது. முழு வீட்டுக்கும் செய்த செலவில் காசுக்கு அதிகம் மாற்றம் தந்தது எது என்று கேட்டால், அந்தக் குமிழ்கள் என்பேன்.

கையில் இருந்த ஒரு இலட்சத்து அறுபதாயிரத்தில் ஆறாயிரம் சொச்சம் மிஞ்சியது, போன அந்தப் புத்தக அலுமாரியையும் சேர்த்து. ஆனால் நாலரை மாதம் எடுத்தது. முதல் மூன்று கிழமை தரையில் இருந்துதான் சாப்பிட்டோம். அவசரப்பட்டிருந்தால் அந்தக் காசில் பாதி வீடும் நிறைந்திருக்காது.

மிஞ்சிய காசோடு அடுத்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து அம்மாவுக்கு ஒரு சாய்மனைக் கதிரை வாங்கினோம். அப்பா யாழ்ப்பாணத்தில் வைத்திருந்ததுபோல நீண்ட கை உள்ளது. வாங்குவதற்கு முன் அம்மாதான் அதைக் கவிழ்க்கச் சொன்னார், சாவியும் அவர்தான் எடுத்தார். இப்போது பல்கனியில் ஒரு பழைய வாங்கு, கால் ஒன்று முறிந்தது, கறுத்தத் துணிமேல் நிற்கிறது. இன்றைக்கு ஆறாம் நாள். தூள் ஒன்றும் விழவில்லை. பத்தாம் நாளும் துணி சுத்தமாக இருந்தால் வருகிற சனிக்கிழமை கால் வைக்க ஓடாவியிடம் கொண்டுபோகவேண்டும்.